தெரபிஸ்டுகளுக்கு சூப்பர்விஷன்: ஆளைத் தேடுவது முதல் ஆறு மாத ரிவ்யூ வரை – நெல்லைப் பக்கத்துக் கவுன்சிலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்.டபிள்யூ.வோ எம்.எஸ்சி. சைக்காலஜியோ முடித்துவிட்டு பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ வள்ளியூரிலோ பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடி மறுவாழ்வு மையம், இல்லை சொந்தமாக ஒரு அறை என்று வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூப்பர்விஷன் என்றால், நம் கேஸ்களை அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து கொண்டுபோய்ப் பேசுவது. புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், அவர்களில் பலர் வரிசை தப்பித்தான் தடுமாறுகிறார்கள். ஒரு கேஸ் கைமீறிப் போன பிறகு, ராத்திரி நேரத்தில் தெரிந்த சீனியர் ஒருவருக்கு போன் போட்டு, ஐந்து நிமிடத்தில் கதையைச் சொல்லி, அவர் சொன்னதை மறுநாள் அப்படியே செய்துவிட்டு, அதையே சூப்பர்விஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முறையான சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை உண்டு என்று பிரிஜிட் ப்ராக்டர் வகுத்தார். வேலை நெறிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது, திறமையை வளர்ப்பது, வேலை செய்கிறவரைத் தாங்கிப் பிடிப்பது. ராத்திரி போனில் மூன்றாவது கொஞ்சம் கிடைக்கலாம். முதல் இரண்டுக்கும் நேரம் ஒதுக்கி, தாளோடு உட்கார வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. உங்கள் நிலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன்னால் இது. என்ன படிப்பு, எந்த முறையில் பயிற்சி, இப்போது எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், எந்த வயதினர், எந்த மாதிரிப் பிரச்சினைகள். அடுத்த பத்தியில், எதற்கெல்லாம் பயிற்சி இல்லை என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் எளிது. குடிப்பழக்கக் கேஸ்கள் நிறையப் பார்க்கிறவருக்குக் குழந்தைகளோடு மட்டும் வேலை செய்த ஒருவர் சூப்பர்வைசராக இருந்தால் இரண்டு பேருக்கும் சிரமம். அப்புறம் சட்டப்படி உங்கள் இடம் எது என்பதும் இந்தத் தாளில் வர வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். மற்ற கவுன்சிலர்கள், சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்கள் 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள். எந்தச் சூப்பர்விஷனும் இந்தப் பதிவுக்குப் பதிலாகாது.

2. ஆளைத் தேடுங்கள், ஆனால் மேலதிகாரியை வேண்டாம்

நம் பக்கத்தில் மூத்த தெரபிஸ்டுகள் குறைவு. அதனால் வேலை பார்க்கிற இடத்தின் பொறுப்பாளரையே சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சம்பளத்தையும் லீவையும் முடிவு செய்கிறவர் முன்னால் 'அந்தம்மா அழுததும் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல' என்று வாய் வராது. நல்லதாக முடிந்த கேஸைத்தான் கொண்டுபோவீர்கள். நிர்வாகக் கேள்விகளுக்கு அவர் இருக்கட்டும், கேஸுக்கு வேறொருவர் வேண்டும்.

முதலில் உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களிடம் கேளுங்கள். பிறகு மதுரை, சென்னை, பெங்களூரு பக்கம் ஆன்லைனில் செய்கிறவர்களைப் பாருங்கள். தமிழில் பேச முடிகிறவராக இருந்தால் நல்லது, உங்களிடம் ஆலோசனைக்கு வந்தவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லலாம். இதோடு மனநல மருத்துவர் ஒருவரின் தொடர்பும் தனியாக வேண்டும். மருந்து தேவையா என்பதைக் கவுன்சிலரும் முடிவு செய்யக்கூடாது, கவுன்சிலரின் சூப்பர்வைசரும் போனில் முடிவு செய்யக்கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் இருக்கிறது. போய் அறிமுகம் செய்துகொண்டு, ஆள் அனுப்பினால் எந்தக் கிழமை, யாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

முதல் பேச்சிலேயே கேட்க வேண்டியவை: இப்போதும் நீங்கள் நேரடியாகக் கேஸ் பார்க்கிறீர்களா? சூப்பர்விஷன் கொடுப்பதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? உங்கள் சூப்பர்விஷனுக்கு நீங்கள் யாரிடம் போகிறீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்குகிறார்கள். நல்ல சூப்பர்வைசர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

3. கேஸ் பேசுவதற்கு முன் ஒப்பந்தம்

புதியவர்கள் அவசரத்தில் தாண்டிப் போகிற படி இதுதான். முதல் சந்திப்பில் கேஸே பேச வேண்டாம். ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், ரத்து செய்தால் என்ன, இடையில் அவசரம் என்றால் எந்த நேரம் வரை போன் பண்ணலாம், குறிப்பை யார் எங்கே வைப்பது, எந்தச் சூழ்நிலையில் சூப்பர்வைசர் ரகசியத்தை உடைப்பார், உங்களைப் பற்றி யாருக்காவது மதிப்பீடு எழுதிக் கொடுப்பாரா.

எத்தனை முறை என்பதற்கு ஒரு அளவுகோல் சொல்கிறேன். பிரிட்டனின் கவுன்சிலிங் சங்கமான பிஏசிபி, தன்னிடம் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷனில் இருக்க வேண்டும் என்கிறது. அது அனுபவப்பட்டவர்களுக்கான கீழ் எல்லை. வேலைக்கு வந்து முதல் இரண்டு வருடத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு. கட்டணம் கட்டாது என்றால் சந்திப்புகளைக் குறைக்காமல், குழுவாகச் சேர்ந்து ஒருவரை அமர்த்துங்கள்.

மதிப்பீடு பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் யாருக்காவது உங்களைப் பற்றி எழுதிக் கொடுப்பார் என்பது தெரியாமல் மனதைத் திறந்து பேசிவிட்டு, தெரிய வந்தபோது நொந்துபோய் சூப்பர்விஷனையே விட்டவர்கள் உண்டு.

4. வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. சூப்பர்விஷனில் பேசுவது அந்த ரகசியத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், அதற்கு அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய பேச்சு தேவையில்லை. "அக்கா, நான் சரியாச் செய்யுதேனான்னு பார்க்க எனக்கு மேல ஒருத்தங்க இருக்காங்க. உங்க பேரு, ஊரு சொல்ல மாட்டேன். நம்ம பேச்சுல கொஞ்சத்தை அவங்ககிட்ட கேப்பேன். உங்களுக்குச் சம்மதமா?" இவ்வளவு போதும். கையெழுத்துப் படிவத்திலும் ஒரு வரி இருக்கட்டும். பெரும்பாலானோர் சரி என்று சொல்வார்கள், கொஞ்சம் நிம்மதியும் அடைவார்கள்.

பேரை மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. 'களக்காடு பக்கம் ஒரு ஊர், புருஷன் சுடலை கோயில் கொடையில் சாமியாடுகிறவர், மூத்த பையன் துபாயில்' என்றால் சூப்பர்வைசருக்கு அந்த வட்டாரத்தில் சொந்தம் இருந்தால் வீட்டையே கண்டுபிடித்துவிடுவார். ஊர், தொழில், சாதி, கோயில், பிள்ளைகள் எண்ணிக்கை, இவற்றில் கேள்விக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆளைத் தெரிந்துவிட்டால் சூப்பர்வைசர் அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வாட்ஸ்அப்பில் கேஸ் விவரம் அனுப்பாதீர்கள். குரூப்பில் அறவே வேண்டாம். ஒலிப்பதிவு என்றால் தனியாக எழுத்துச் சம்மதம், பூட்டிய கோப்பு, அழிக்கும் தேதி, மூன்றும் வேண்டும்.

5. ஒரு கேள்வி, பத்து வரி: கேஸைத் தயார் செய்யும் விதம்

சூப்பர்விஷனின் பலன் முக்கால்வாசி இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது.

தாளின் மேலே முதலில் கேள்வியை எழுதுங்கள். 'இந்தக் கேஸை எப்படிக் கொண்டுபோவது' என்பது கேள்வியாகாது, அதற்கு ஒரு மணி நேரமும் போதாது. 'மூன்று செஷனாக மாமியார் பேச்சு வரும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன், ஏன்?' என்பது கேள்வி. கேள்வியில் நீங்கள் இருக்க வேண்டும், ஏனென்றால் அறையில் மாற்ற முடிந்தது உங்கள் செயல் ஒன்றைத்தான்.

கேள்விக்குக் கீழே பின்னணி, ஐந்து வரிக்குள். பிறகு, அந்தக் கேள்வி எழுந்த இடத்தில் நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை பத்து வரி எழுதுங்கள். அவர் சொன்னது மட்டும் போதாது, நீங்கள் சொன்னதும் வேண்டும். செஷன் முடிந்த பத்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள், அடுத்தவரைப் பார்த்த பிறகு உங்கள் வரிகள் தானாகவே அழகாகிவிடும்.

புதியவர்கள் கொண்டுவரும் தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றை, அடையாளம் எல்லாம் மாற்றித் தருகிறேன். பீடி சுற்றும் ஒரு பெண், கணவர் வெளிநாட்டில். தாளில் முதலில் இருந்தது: 'பதற்றத்துடன் வந்தார். ஆறுதல் கூறப்பட்டது. மூச்சுப் பயிற்சி கற்றுத்தரப்பட்டது.' குறை சொல்ல எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதச் சொன்னபோது வந்தது இது:

வந்தவர்: "அவிய போன் வந்தாலே நெஞ்சு படபடன்னு வருது மேடம். எடுக்கவும் பயமா இருக்கு, எடுக்காம இருக்கவும் பயமா இருக்கு."

கவுன்சிலர்: "பயப்படாதீங்க அக்கா. உங்க மேல உள்ள அக்கறையிலதான போன் பண்ணுதாவ."

வந்தவர்: "ஆமா மேடம். அக்கறைதான்." (தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகுகிறார்.)

கவுன்சிலர்: "ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லித் தாரேன், செய்வோமா?"

எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? அதைக் கேட்கவே இல்லை. அடியா, மிரட்டலா, ஊரில் இருக்கிற கொழுந்தனை வீட்டுக்கு அனுப்புவாரா, பிள்ளைகளிடம் கேட்டு வேவு பார்க்கிறாரா, எதுவுமே தெரியாது. 'அக்கறைதான்' என்று அந்தப் பெண் ஒத்துக்கொண்டது சம்மதமில்லை, கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று வரிச் சுருக்கத்தில் இது எங்கேயும் தெரியவில்லை, நாலு வரிப் பேச்சில் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த செஷனில் கேட்க வேண்டிய கேள்வியும் அங்கேயே கிடைத்துவிட்டது: "போன் எடுக்கலைன்னா அப்புறம் என்ன நடக்கும் அக்கா?" வீட்டு வன்முறைக்கான பாதுகாப்பை அதற்குப் பிறகுதான் யோசிக்க முடியும்.

தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, ஒவ்வொரு வரிக்கும் நேரே உங்களுக்குள் அப்போது என்ன ஓடியது என்று எழுதுங்கள். மேலே உள்ள தாளில் அந்த இடத்தில் 'அழுதுவிடுவார் என்று பயந்தேன்' என்று இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரமும் பேசலாம்.

6. அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன வரிசை

முதலில் ஆபத்தான கேஸ் ஏதும் இருக்கிறதா என்பது. இரண்டாவது, போன முறை எடுத்த முடிவு என்ன ஆயிற்று. மூன்றாவதாகத்தான் இன்றைய கேள்வி. ஆபத்தைக் கடைசியில் வைத்தால் எழுந்திருக்கும்போதுதான் 'அப்புறம் மேடம், இன்னொருத்தர் செத்துப்போகணும்னு சொன்னார்' என்று வரும்.

உங்களுக்கு இன்றைக்கு என்ன தேவை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். ஜானின் பெர்னார்ட் 1979-இல் வெளியிட்ட சூப்பர்விஷன் மாதிரியில் சூப்பர்வைசர் மூன்று விதமாக நடந்துகொள்வார்: கற்றுக்கொடுக்கிறவர், ஆற்றுப்படுத்துகிறவர், கூட உட்கார்ந்து யோசிக்கிறவர். பேனிக் அட்டாக்கை எப்படி விளக்குவது என்று தெரியாதபோது முதலாவது தேவை. ஒருவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்றால் இரண்டாவது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் பழக்கப்பட்ட விதத்திலேயே போவார்.

நம் ஊர் மரியாதை இங்கே ஒரு தடையாக வந்து நிற்கும். சூப்பர்வைசர் ஒன்று சொன்னால் 'சரிங்க மேடம்' என்று எழுதிக்கொள்வார்கள், மனதில் 'இது அந்த வீட்டில் நடக்காது' என்று இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "மேடம், நீங்க சொல்றது புரியுது. கூட்டுக் குடும்பம், தனியாப் பேச அறையே கிடையாது, அங்க இது எப்படி?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது. நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனால், உங்களிடம் வருகிறவரும் உங்களிடம் அதையேதான் செய்துகொண்டிருக்கலாம். செஷனில் நடப்பது சூப்பர்விஷனிலும் அப்படியே திரும்ப நடப்பதை இணைநிகழ்வு என்பார்கள். 'இப்போது நம் இருவருக்குள் நடப்பது அந்த அறையிலும் நடக்கிறதா?' என்று அவ்வப்போது கேட்டுப் பாருங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு நடித்துப் பாருங்கள். நீங்கள் வந்தவராக, சூப்பர்வைசர் கவுன்சிலராக, பிறகு மாற்றி. சொல்ல நினைக்கிற வாக்கியம் வாயில் எப்படி வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். முடிவில் ஒரே ஒரு செயலை எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.

7. அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கக்கூடாதவை

தற்கொலை எண்ணம். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "செத்துப்போகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? அது கையெட்டுற இடத்துல இருக்கா?" மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வியும் இந்த எண்ணம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒன்றுக்குப் பூஜ்யம் அல்லாத பதில் வந்தால் அங்கேயே நின்று பேசுங்கள்.

அவர் அறையில் இருக்கும்போதே ஸ்டான்லி, பிரவுன் என்ற உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்: முன்னறிகுறிகள், தானாகச் செய்து தணிக்கக்கூடியவை, மனதைத் திசைதிருப்ப ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தபந்தம், மருத்துவ உதவி எண்கள், வீட்டைப் பாதுகாப்பாக்குவது. கடைசியை நம் கிராமங்களில் விட்டுவிடவே கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒருவரை அழைத்து, அன்றைக்கே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும். ஆபத்து உடனடியானது என்றால் தனியாக அனுப்பாதீர்கள், கூட ஆள் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அப்புறம் சூப்பர்வைசருக்கு போன் பண்ணுங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று குடும்பம் பயந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பள்ளிக் கவுன்சிலர்கள் இங்கே தடுமாறுவார்கள். தலைமை ஆசிரியர் 'பொறுங்க, பேசிக்கலாம்' என்பார், பெற்றோர் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கெஞ்சுவார்கள். குழந்தையிடம் எப்படிச் சொல்வது, வீட்டில் யார் துணை என்பதைச் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

இரண்டிலும் நேரம், நீங்கள் கேட்டது, அவர் சொன்னது, யாரிடம் பேசினீர்கள், எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

8. சாதி, சாமி, சொந்தம்: இவையும் சூப்பர்விஷனுக்கு உரியவை

'உங்களுக்கு எந்த ஊரு?' என்று உட்கார்ந்ததும் கேட்பார்கள். பல நேரம் அதற்குள் சாதி இருக்கிறது. என்ன பதில் சொன்னீர்கள், அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னார், எதை நிறுத்தினார் என்பதைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். உங்கள் சாதிக்காரரின் வீட்டுச் சண்டையில் உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். இதைப் பேசவே முடியாத சூப்பர்வைசர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

குறி கேட்டுவிட்டோ தர்காவில் தங்கிவிட்டோ வருகிறவர்களிடம் அதை நிறுத்தச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். அங்கே என்ன சொன்னார்கள், எது ஆறுதலாக இருந்தது என்று கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லியிருந்தாலோ, கட்டிவைத்தாலோ, அடித்தாலோ அது வேறு விஷயம், உடனே தலையிட வேண்டும்.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ எதிரே வந்தால் நீங்களாக முதலில் பேச மாட்டீர்கள் என்று முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் முகம் கொடுக்கவில்லை என்று மனம் நோவார்.

9. வளர்ச்சி: ஒரு காலாண்டுக்கு ஒரு திறமை

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பு சான்றிதழ்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் நிறைய. புது முறைகள் தெரிகின்றன, அறையில் பேச்சு மாறுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு திறமையை எடுங்கள். உதாரணமாக, அழுகை வரும்போது பேசாமல் இருப்பது. வாரம் ஒருமுறை, சம்மதம் வாங்கிய பதிவில் பத்து நிமிடம் கேட்டு, எத்தனை இடத்தில் முந்திக்கொண்டு பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். நார்மன் கேகன் வகுத்த முறையில், பதிவை ஓடவிட்டு நீங்களே ஒரு இடத்தில் நிறுத்தி 'இந்த இடத்தில் எனக்குள் என்ன நடந்தது' என்று சூப்பர்வைசர் முன்னால் சொல்லலாம். புதியவர்களுக்கு இதைவிட வேகமாக உதவுவதை நான் பார்த்ததில்லை.

கூடவே எண்களும் வேண்டும். பிஎச்க்யூ-9 (0 முதல் 27), பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 (0 முதல் 21) இரண்டையும் நாலு செஷனுக்கு ஒருமுறை போட்டு, குறையாத கேஸை முதலில் சூப்பர்விஷனுக்கு எடுத்துச் செல்லுங்கள். நன்றாகப் பழகுகிற கிளையண்ட் நன்றாக இருக்கிறார் என்று நாமே நினைத்துக்கொள்வோம், எண் அதைச் சரிபார்க்கும்.

அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் மாதிரி இடங்களில் தனியாக இருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு சகபாடிக் குழு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கேஸ் சொன்னால் மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், யோசனை சொல்லக்கூடாது. இந்த விதி இல்லாத குழு சீக்கிரமே அரட்டையாகிவிடும். குழு இருக்கிறது என்று தனிச் சூப்பர்விஷனை விட்டுவிடாதீர்கள்.

10. ஆறு மாதத்தில் ரிவ்யூ

ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்து இருவரும் பேசுங்கள். எந்தக் கேஸை இதுவரை கொண்டுவரவே இல்லை? எதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது? அவர் சொன்னதில் எது உதவியது, எது உதவவில்லை? சூப்பர்வைசரும் உங்களைப் பற்றி எழுத்தில் இரண்டு பலம், ஒரு குறை தர வேண்டும்.

சூப்பர்வைசரை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் போன் எடுக்காமல் ஒதுங்கிவிடாதீர்கள். ஒரு கடைசிச் சந்திப்பு வைத்து, நடந்துகொண்டிருக்கும் ஆபத்தான கேஸ்களின் பட்டியலை முடித்து, குறிப்புகளை யார் வைத்துக்கொள்வது, எந்தத் தேதியில் அழிப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதிய சூப்பர்வைசரோடு முதல் சந்திப்புக்குத் தேதி குறித்த பிறகு பழையவரிடம் கடைசிச் சந்திப்பை வையுங்கள்.